முன்னால் மூன்று நொடி: வண்டி ஓட்டும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

வேலைக்குப் போய்த் திரும்பும் வழியில் தினமும் யாராவது ஒருவர் மேல் எரிச்சல் வந்துவிடுகிறது, வீட்டுக்கு வந்த பிறகும் அது அடங்குவதில்லை என்று எழுதியிருந்தாய். பொறுமையாக இரு என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் உனக்கு அது எந்த உதவியும் செய்யாது. பொறுமைக்கு மனசு மட்டும் போதாது, ஓட்டுகிற விதத்திலேயே அதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டில் முக்கால் பங்கு, உனக்கும் முன்னால் போகிற வண்டிக்கும் நடுவில் நீ விடுகிற இடைவெளிதான். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முன் வண்டியின் பின்பக்கம் ஒரு கம்பத்தைத் தாண்டுகிற நொடியில் மனசுக்குள் எண்ண ஆரம்பி: ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று. நிதானமாகச் சொன்னால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நொடி. மூன்றைச் சொல்லி முடிப்பதற்குள் நீ அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் ஒட்டிப் போகிறாய் என்று அர்த்தம். இரண்டு நொடி போதும் என்று சொல்வார்கள். அது காய்ந்த சாலைக்கும் நல்ல வெளிச்சத்துக்கும் களைப்பில்லாத ஆளுக்கும் உள்ள குறைந்தபட்ச அளவு. வேலை முடிந்து வருகிறவனுக்கு மூன்று வேண்டும். மழை பெய்தால் நான்குக்குக் கீழே குறைக்காதே. மீட்டரில் கணக்குப் பார்க்காமல் நொடியில் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேகம் கூடும்போது இடைவெளியும் தானாகவே நீண்டுவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் போகிறது, மூன்று நொடிக்கு 50 மீட்டர். 100-ல் நொடிக்கு 28 மீட்டர், மூன்று நொடிக்கு 83 மீட்டர். ஆபத்தைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேரவே ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். அதுவரை வண்டி அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரமோ வேகம் இரட்டிப்பானால் நான்கு மடங்காகிறது.

இதற்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். ஒட்டிப் போகிறவனுக்கு முன்னால் நடப்பதெல்லாம் அவசரநிலை. முன் வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தாலே உடம்பு ஒரு தரம் தூக்கிப்போடும். இதயம் வேகமாக அடிக்கும், கை ஸ்டீயரிங்கை இறுக்கும், பார்வை குறுகும். அந்தப் படபடப்பு ஒரு குற்றவாளியைத் தேடும், முன்னால் இருப்பவர்தான் கைக்கு அகப்படுவார். அரைமணி நேர ஓட்டத்தில் இப்படிப் பலமுறை தூக்கிப்போட்டால் வீட்டுக்கு வந்தும் அடங்காமல் இருப்பதில் ஆச்சரியம் என்ன? அதே வண்டி அதே மாதிரி பிரேக் போட்டாலும், மூன்று நொடி இடைவெளி இருந்தால் நீ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். பல சமயம் பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்காது.

இடம் விட்டால் எல்லோரும் உள்ளே புகுந்துவிடுவார்களே என்பாய். புகுவார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார். ஒருவர் புகுந்தபின் நீ மறுபடி பின்வாங்கி இடைவெளியைச் சரிசெய்துகொள்வதற்கு ஆகும் தாமதம் இரண்டு, மூன்று நொடி. இருபது பேர் புகுந்தாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. அந்த ஒரு நிமிடத்தை முதலிலேயே தர்மக் கணக்கில் எழுதிவிட்டு வண்டியை எடு. பிறகு எவர் புகுந்தாலும் உன் பையிலிருந்து எதுவும் போனதாகத் தோன்றாது.

முன்னால் விபத்தும் இல்லை, சாலை வேலையும் இல்லை, ஆனாலும் ஜாம் ஆகிவிட்டது என்று நீ குமைகிறாய் அல்லவா, அதற்கும் இடைவெளி போதாததுதான் காரணம். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் யூகி சுகியாமா குழுவினர் இதைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள். எல்லோரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சிக்னல் கிடையாது, குறுக்கே வருகிறவர் கிடையாது. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவரின் வேகம் லேசாகத் தளர, பின்னால் வந்தவர் கொஞ்சம் அதிகமாக பிரேக் பிடிக்க, அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் அதிகமாகப் பிடிக்க, வண்டிகள் சில அப்படியே நின்றுவிட்டன. அந்த நெரிசல், வண்டிகள் போகும் திசைக்கு எதிராக மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. உன் சாலையில் நடப்பதும் இதுதான். நீ இடம் விட்டு, பிரேக் பிடிக்காமல் வேகத்தை மட்டும் குறைத்து உருண்டு போனால், அந்த அலை உன்னிடம் வந்து மெலியும். உனக்குப் பின்னால் வருகிறவர்கள் உனக்கு நன்றி சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு நடந்ததே தெரியாது.

பக்கத்துத் தடம் எப்போதும் வேகமாகப் போகிறது என்ற எண்ணத்தையும் விட்டுவிடு. ரெடெல்மெயர், டிப்ஷிரானி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். இரண்டு தடங்களின் சராசரி வேகம் ஒன்றாகவே இருந்தாலும், மற்றவர்கள் நம்மைத் தாண்டுகிற நேரம் நாம் அவர்களைத் தாண்டுகிற நேரத்தைவிட அதிகம். காரணம் எளியது. மெதுவாக நகரும் வண்டிகள் நெருக்கமாக நிற்கும், அவற்றை நாம் கொத்தாகச் சட்டென்று கடந்துவிடுவோம். வேகமாகப் போகிறவை விலகி விலகி வரும், அவை நம்மைக் கடந்து முடிக்க நேரமாகும். நாம் தாண்டிய வண்டி பின்னால் போய் மறைந்துவிடும், நம்மைத் தாண்டிய வண்டியோ கண் முன்னாலேயே இருந்து உறுத்தும். நெரிசலில் தடம் மாறி மாறிப் போவதால் மிச்சமாவது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் பார்வைக்குத் தப்பிய ஒரு வண்டி பக்கத்தில் இருக்கும் அபாயம் மட்டும் கூடுகிறது.

பின்னால் ஒட்டி வருகிறவர் விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் பாதி அவரைப் பற்றித்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நீளம் விட்டு ஒருவர் வருகிறார் என்றால் அவருக்கும் உனக்கும் நடுவே இருப்பது கால் நொடி. நீ அழுத்தி பிரேக் பிடித்தால் அவர் நினைத்தாலும் நிறுத்த முடியாது. அவரைத் திருத்துவது உன் கையில் இல்லை, நீ அழுத்தி பிரேக் பிடிக்கும் நிலைமை வராமல் பார்த்துக்கொள்வது உன் கையில் இருக்கிறது. எனவே அவர் நெருங்கியதும் முன்னால் உள்ள இடைவெளியை நான்கு, ஐந்து நொடியாக மெல்ல நீட்டு. அந்த இடத்தில் அவருக்கும் சேர்த்துத்தான் பிரேக் பிடிக்கப் போகிறாய். வேகம் குறைக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பே பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு லேசாகத் தொடு, பிறகு மெதுவாக அழுத்து. தடம் மாற இடம் கிடைத்தால் மாறி அவரைப் போகவிடு. ஒற்றைத் தடச் சாலை என்றால், அகலமான இடம் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கு. அவருக்குப் பயந்து வேகத்தைக் கூட்டாதே. அவர் அதே கால் நொடியை இன்னும் அதிக வேகத்தில் வைத்துக்கொண்டு வருவார்.

பாடம் புகட்டுகிறேன் என்று அவர் முன்னால் சட்டென்று பிரேக் அடிக்கும் வேலையை மட்டும் ஒருநாளும் செய்யாதே. பின்னால் இடி வாங்கினால் முதலில் நோவது உன் கழுத்து. முன்னால் நிற்கும் வண்டியில் உன்னைத் தள்ளிவிட்டால் நடுவில் நசுங்குவதும் நீதான். ஜப்பானில் மற்ற வண்டிகளை மறிக்கும் நோக்கத்தோடு இப்படி பிரேக் அடிப்பதையும், ஒட்டிப் போவதையும் 2020-லிருந்து தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள்.

இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். இண்டிகேட்டரை நம்பாமல் முன் சக்கரத்தைப் பார். வண்டியின் உடல் திரும்புவதற்கு முன் சக்கரம் திரும்பும். தடக் கோட்டை நோக்கி மெல்லச் சாய்ந்து வருவது, காரணமில்லாமல் வேகம் தளர்வது, ஓட்டுகிறவரின் தலை பக்கக் கண்ணாடிப் பக்கம் போவது, இவையும் அடையாளம். எதிர்பார்த்தது நடந்தால் கோபம் வராது. திடுக்கிட்டால்தான் வரும். லாரிக்குப் பக்கத்தில் ஒரு விதி போதும்: அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு நீ தெரியவில்லை. அந்த இடத்தில் சேர்ந்தே ஓடாதே. ஒன்று கடந்து போ, இல்லை பின்தங்கு. லாரியின் முன்னால் இருக்கும் காலி இடம் அவர் நிறுத்துவதற்கு வைத்திருக்கும் தூரம், அதில் போய்ச் சொருகாதே.

இரண்டு தடம் ஒன்றாகச் சுருங்கும் இடத்தில், காலியான தடத்தில் கடைசி வரை வருகிறவரைப் பார்த்து வரிசையை உடைக்கிறார் என்று நினைக்கிறாய். நெரிசலாக இருக்கும்போது அவர் செய்வது சரி. இரண்டு தடத்தையும் கடைசி வரை நிரப்பி, சேரும் இடத்தில் ஜிப் பற்கள் போல இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று போனால் வரிசையின் நீளம் ஏறக்குறைய பாதியாகக் குறையும், பின்னால் உள்ள சந்திப்புகள் அடைபடாது. ஜெர்மனியில் சாலை விதியே இப்படித்தான் சொல்கிறது. ஒருவரை விடு, நீ போ. இரண்டாமவரையும் விட வேண்டிய கடமை உனக்கு இல்லை, ஆனால் அவர் மூக்கை நுழைத்துவிட்டால் பம்பரை வைத்து வாதாடாதே.

இரவில் எதிரே ஹை பீம் போட்டு வருகிறவருக்கு ஒரே ஒரு முறை டிம் அடித்துக் காட்டு. அவர் குறைக்கவில்லை என்றால் பார்வையை உன் பக்கத்துச் சாலை ஓரக் கோட்டுக்கு இறக்கி, வேகத்தைக் குறைத்துக்கொள். பதிலுக்கு நீயும் ஹை பீம் போட்டால் கண் தெரியாத இரண்டு பேர் நேருக்கு நேர் வருவீர்கள். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் உள் கண்ணாடியின் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளு, கூச்சம் குறையும். முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைக்கப் பலரும் மறக்கிறார்கள். அங்கே படியும் மெல்லிய படலம்தான் எதிர்வெளிச்சத்தைப் புகை போலப் பரப்புகிறது. டிக்கியில் பாரம் ஏற்றினால் முன் விளக்கு மேலே தூக்கிக்கொள்ளும். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட திருகு இருந்தால் எண்ணைக் கூட்டி வெளிச்சத்தை இறக்கு. உனக்கு எதிரே வருகிறவருக்கும் எரிச்சல் வரும் அல்லவா.

எதிரே வருகிறவர் விளக்கை அடித்துக் காட்டினால் அதை ‘நீ போ’ என்று எடுத்துக்கொள்ளாதே. பல இடங்களில் அதற்கு ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். ஹாரனும் அப்படித்தான். நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல ஒரு சின்னத் தட்டு போதும். பச்சை விழுந்ததும் முன்னால் இருப்பவர் அசையவில்லையா, இரண்டு எண்ணிவிட்டுத் தட்டு. அவர் குறுக்கே யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம். தோள் இரண்டும் சீட்டில் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். எட்டவில்லை என்றால் சீட்டை முன்னால் இழு. எட்டி எட்டிப் பிடிக்கிறவனுக்குத் தோளும் கழுத்தும் ஓட்டம் முழுக்க இறுகியே இருக்கும், இறுகிய உடம்பில் கோபம் சீக்கிரம் பற்றும். யாராவது வெட்டிக்கொண்டு போனதும் மூன்றைச் செய்: பல்லைக் கடிப்பதை விடு, பிடியைத் தளர்த்து, மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை மெதுவாக விடு. மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணியும். நாலைந்து மூச்சில் வித்தியாசம் தெரியும். மூச்சை அடக்கிப் பிடிக்காதே. திட்ட வேண்டும் போல இருந்தால் அதற்குப் பதிலாக அடுத்துச் செய்ய வேண்டியதை வாய்விட்டுச் சொல்: “காலை எடு, இடம் விடு, கண்ணாடி பார்.” திட்டு நடந்து முடிந்ததைப் பிடித்துக்கொண்டிருக்கும். இது உன்னை அடுத்த நூறு மீட்டருக்குக் கொண்டுவரும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 25 கிலோமீட்டரைச் சராசரியாக 40 வேகத்தில் கடந்தால் முப்பத்தேழரை நிமிடம். எல்லோரையும் முந்தி, மஞ்சள் விளக்கில் பாய்ந்து, சராசரியை எப்படியோ 45 ஆக்கினாலும் முப்பத்து மூன்று நிமிடம் ஆகும். நான்கு நிமிடத்துக்குத்தான் இத்தனை பாடு. பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கிறது.

ஒருவர் உண்மையாகவே சண்டைக்கு வந்தால் மேலே சொன்னதெல்லாம் போதாது. அவர் கண்ணைப் பார்க்காதே, கை காட்டாதே, பதில் பேசாதே. கதவைப் பூட்டி ஜன்னலை ஏற்று. சிக்னலில் நிற்கும்போது முன் வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் உனக்குத் தெரிகிற அளவுக்குத் தள்ளி நில், ஒடித்து வெளியே வர வழி இருக்கும். பின்தொடர்ந்து வந்தால் வீட்டுக்குப் போகாதே. காவல் நிலையம், பெட்ரோல் பங்க், ஆட்கள் இருக்கும் வெளிச்சமான இடம், எது பக்கமோ அங்கே போ. வண்டியை விட்டு இறங்காமல் அவசர எண்ணைக் கூப்பிடு. நியாயம் உன் பக்கம் இருந்தாலும் இறங்காதே ராஜா.

கடைசியாகப் போன். பக்கத்துத் தடத்தைப் பற்றி விளக்கிய அதே ரெடெல்மெயரும் டிப்ஷிரானியும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு, போனில் பேசும் நேரத்தில் மோதும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்றது. கையில் பிடிக்காமல் பேசினாலும் அதில் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. நீ காலையும் மாலையும் வண்டி எடுக்கும் நேரத்தை எனக்கு எழுது. அந்த நேரத்தில் நான் கூப்பிட மாட்டேன். மறந்து கூப்பிட்டுவிட்டால் எடுக்காதே, நிறுத்திய பிறகு நீ கூப்பிடு.

அன்புடன்,
அம்மா