பிளாஸ்டரில் எழுதி ஒட்டிய சிஸ்டருக்கு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கால் வீக்கம் வடிந்துவிட்டது, தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1,50,000-ஐத் தாண்டிவிட்டன. ஆஸ்பத்திரியில் தட்டணு சரிந்து, ரத்தமும் உறைந்து அப்பா பட்டதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி அந்த நைட் டியூட்டி சிஸ்டருக்கு. இத்தனைக்கும் ஹெபரின் ஊசிதான் காரணமாக இருக்கும் என்று டாக்டர் அதை நிறுத்தச் சொன்ன இரவு அது. ஹெபரின், ரத்தம் உறையக் கூடாது என்று கொடுக்கிற மருந்து. அது தட்டணுவின் ஒரு புரதத்தோடு சேர்ந்ததும், அப்பாவின் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டது. அதற்கென உண்டான எதிர்ப்பொருள்கள் தட்டணுக்களையே உசுப்பிவிட, அவை கட்டிகட்டியாக உறைந்து எண்ணிக்கையும் சரிந்தது. தட்டணு குறைந்தால் ரத்தம் கசியும் என்றுதானே டெங்குக் காய்ச்சலில் கேட்டிருக்கிறோம்? இங்கே குறையும்போதே உறைகிறது. ஹெபரின் தொடங்கி 5 முதல் 10 நாளில் இது தலைகாட்டுமாம்.

ஊசியை நிறுத்தியதோடு சிஸ்டர் போய்விடவில்லை. ரத்தக்குழாயில் மருந்து ஏற்றப் போட்ட லைன் அடைக்காமலிருக்கக் கழுவிவிடுவதில் துளி ஹெபரின் இருந்தாலும் ஆகாது என்று, ட்ரேயில் இருந்ததை எடுத்துவிட்டு வெறும் சலைன் வைத்தார். அப்புறம் பிளாஸ்டரைக் கிழித்து, 'ஹெபரின் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி, தலைமாட்டிலும் கேஸ் ஷீட்டிலும் ஒட்டினார். இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ் எதற்கு என்றேன். "அம்மா படிக்கணும்ல. நான் இல்லாத நேரத்துல அவங்க கேப்பாங்க."

மூலையில் அழுதுகொண்டிருந்த அம்மா, மறுநாள் காலையிலிருந்து ஊசியோடு வந்த ஒவ்வொருவரிடமும், "இதுல ஹெபரின் இருக்காம்மா?" என்று கேட்டார். அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்தீர்கள் சிஸ்டர். அவரையும் நீங்கள்தான் காப்பாற்றினீர்கள்.

பொறுமையாக விளக்கிய டாக்டர்களுக்கும், ஹெபரினுக்குப் பதிலான ஆர்கட்ரோபான் மருந்துக்காகக் கடைகடையாக அலைந்த சித்தப்பாவுக்கும், வேளை தவறாமல் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தட்டணு கொடுக்க ஓடிவந்த அண்ணன் தம்பிகளே, திருப்பி அனுப்பிவிட்டார்களே என்று வருந்த வேண்டாம். ரத்தப்போக்கு இல்லாதபோது ஏற்றினால் உறைதலுக்குத் தீனி போட்டதாகிவிடலாம் என்றுதான் டாக்டர் தடுத்தார். நீங்கள் வந்ததே எங்களுக்குப் பெரிது.

'ஹெபரின் ஆகாது' என்ற அட்டை இனி அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் சொல்வோம். நான் ஓ பாசிட்டிவ். உங்கள் வீட்டில் யாருக்கு ரத்தமோ தட்டணுவோ தேவைப்பட்டாலும், நடுராத்திரி என்று யோசிக்காமல் கூப்பிடுங்கள், வருகிறேன்.