டிப்பருக்கு இடப்பக்கம்

அன்பின் செல்வம்,

கடிதம் கிடைத்தது. நெல்லு வெட்டு முடிந்தது சந்தோசம். மகள் தருமபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போறாள், ரோட்டெல்லாம் மண், கல் ஏற்றுற டிப்பர் லொறி என்று எழுதியிருந்தாய். பயம் நியாயம்தான். ஆனால் "கவனமாப் போ" என்றால் பிள்ளைக்கு என்னத்தை விளங்கும்?

முதல் சொல்லவேண்டியது டிப்பரின் இடப்பக்கம். சாரதி வலப்பக்கத்தில், உயரத்தில் இருக்கிறார். இடக்கதவோடு ஒட்டிப் போற ஸ்கூட்டி அவருக்குத் தெரியாது. பரந்தன் சந்தியில் அவளைப்போலவே டிப்பரும் கிளிநொச்சிப் பக்கம் இடது திரும்பும். நீளமான வாகனத்தின் பின்சில்லு முன்சில்லின் தடத்தில் வராது, உள்ளுக்கு வெட்டிக்கொண்டு வரும். அதனால் சாரதி முதலில் வலப்பக்கம் விரித்துத்தான் எடுப்பார். அப்போது இடப்பக்கம் திறக்கிற இடைவெளி வழி விட்டதுபோல இருக்கும், நுழைந்தால் பின்சில்லுதான். சிக்னல் போட்டாலும் போடாவிட்டாலும், சந்தியில் டிப்பருக்குப் பின்னாலேயே நிற்கட்டும். அதுவும் கண்ணாடியில் சாரதியின் முகம் தெரிகிற தூரத்தில். முகம் தெரியாவிட்டால் அவருக்கும் இவளைத் தெரியாது.

முந்துறதுக்கு ஒரு கணக்குச் சொல்லு. லொறி 50 இல் போகுது, இவள் 60 இல். லொறியின் நீளமும் முன்பின் விடுகிற இடமும் சேர்த்து 50 மீற்றர் என்று வை. வித்தியாசம் மணிக்கு 10 கிலோமீற்றர்தான், அதாவது செக்கனுக்கு மூன்று மீற்றர்கூட இல்லை. முந்தி முடிக்க 18 செக்கன், 300 மீற்றர். எதிரே வாற வாகனமும் 60 இல் வந்தால் அதுவும் 300 ஓடும். 600 மீற்றர் வெறும் ரோட்டு தெரியாவிட்டால் முந்தக்கூடாது. பொறுமையில்லாத ஆட்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது.

முந்தின பிறகு உடனே முன்னால் வெட்டி பிரேக் பிடிக்கவும் கூடாது. பாரம் ஏற்றின டிப்பர் நிற்க ஸ்கூட்டியைவிட நல்ல தூரம் வேணும். காற்றுப் பிரேக் பெடலை மிதித்த கணமே பிடிக்காது, காற்று சில்லுவரை போகவேணும்.

இப்ப ரோட்டோரம் நெல் காயுது. அதை விலத்த நடுவுக்கு வரமுன் பின்னால் பார்க்கட்டும், நெல்லில் பிரேக் பிடித்தால் சில்லு வழுக்கும். தறப்பாள் போடாத கிரவல் டிப்பருக்குப் பின்னால் மூன்று செக்கனில் ஓடுகிற தூரம் விட்டாலும் போதாது, கல் பறக்கும். இரவில் லைற் இல்லாமல் நிற்பாட்டின டிப்பர்தான் எனக்குப் பெரிய பயம். வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில்தான் ஓடவேணும். ஸ்கூட்டியின் பின்லைற் எரியுதோ என்று இண்டைக்கே நீ பார்.

ஆராவது காயப்பட்டால் 1990 நம்பருக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடச் சொல்லு, காசில்லை.

மொட்டைக்கறுப்பன் அரிசி கொஞ்சம் எடுத்து வை. சித்திரையில் வருவம்.

இப்படிக்கு,
உன் ரவி