புண்ணாக்கோடு போகும் எண்ணெய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமையல் எண்ணெய் இறக்குமதி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்டுக்கு 150 லட்சம் டன் அளவுக்கு வெளியிலிருந்து வாங்குகிறோம், எண்ணெய் வித்துகளுக்காக 2024 அக்டோபரில் மத்திய அரசு 10,103 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். விளைச்சலைக் கூட்ட வேண்டியதுதான். ஆனால் விளைந்து, உடைத்து, செக்குக்குள் வந்துவிட்ட எண்ணெயையே நாம் முழுசாக எடுப்பதில்லை. அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்றுதான் எழுதுகிறேன்.

காங்கேயம் பக்கம் சின்னதாக மரச்செக்கு வைத்திருக்கிறேன். 100 கிலோ நிலக்கடலைப் பருப்பில் 45 கிலோவுக்கு மேல் எண்ணெய் இருக்கும். நல்ல காய்ச்சல் பருப்பாக இருந்தால் 40 கிலோ கிடைக்கும். மிச்சம் புண்ணாக்கில். மாடு தின்னட்டுமே என்பார்கள். மாட்டுக்கு முக்கியமாக வேண்டியது அதிலுள்ள புரதம். எண்ணெய் தங்கிய புண்ணாக்கு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதோடு எல்லாப் புண்ணாக்கும் மாட்டுக்குப் போவதில்லை. சால்வென்ட் ஆலைகளும் வாங்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானை விட்டு மிச்ச எண்ணெயை எடுக்கின்றன. ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது, சட்டென்று தீப்பிடிப்பது. என் கொட்டகையில் வைக்கக்கூடிய பொருள் இல்லை.

நொதி, அதாவது என்சைம், இங்கேதான் உதவும். வித்தின் செல்லுக்குள் எண்ணெய் நுண்ணிய துளிகளாக, புரத உறை போர்த்தி இருக்கிறது. வெளியே செல்லுலோஸும் பெக்டினும் சேர்ந்த சுவர். செக்கில் நசுங்காமல் தப்பிய செல்களில் எண்ணெய் நின்றுவிடுகிறது. செல்லுலேஸ், பெக்டினேஸ் ஆகிய நொதிகள் அந்தச் சுவரை இளக்கும்; புரோட்டியேஸ் உறையை அவிழ்க்கும். இடித்த பருப்பில் நொதி கலந்த நீரைத் தெளித்து, 45–50 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து, உலர்த்தி ஆட்டினால் எண்ணெய் கூடுதலாக வரும். செக்கே இல்லாமல், அரைத்த விழுதை நீரில் நொதியோடு வைத்துப் பிரிப்பதும் உண்டு. எங்கள் அம்மிச்சி ஆமணக்கை வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மிதக்கும் விளக்கெண்ணெயை வழித்தெடுப்பார். கிட்டத்தட்ட அதே வழி. கொதி செய்த வேலையை நொதி செய்கிறது.

சிரமம் இல்லாமல் இல்லை. நீரில் பிரிக்கும்போது எண்ணெயும் தண்ணீரும் மோர் மாதிரி கலங்கி நின்றுவிடும். நனைத்த கடலையைச் சரியாக உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கடலையில் பூஞ்சை என்றால் அஃப்ளாடாக்சின் வரலாம், அது கல்லீரலைக் கெடுக்கிற விஷம். செக்கெண்ணெயில் எதற்கு இதெல்லாம் என்று வாடிக்கையாளர் கேட்பார். எள்ளுக்குக் கருப்பட்டி சேர்த்துத்தானே ஆட்டுகிறோம்? ஆனாலும் நொதி சேர்த்தால் அதை பாட்டிலில் எழுதித்தான் விற்க வேண்டும், மறைக்கக் கூடாது.

ஆய்வகங்களில் கடலை, எள், கடுகு என்று பலவற்றில் செய்து பார்த்துவிட்டார்கள். நொதி விலை, உலர்த்தும் கரண்ட் செலவு எல்லாம் போக ஒரு சின்னச் செக்குக்குக் கட்டுபடியாகுமா என்பதுதான் என் கேள்வி. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இந்தப் பக்கத்துச் செக்குகள் நான்கைந்தில் ஒரு பருவம் முழுக்க ஆட்டிப் பார்க்கட்டும். கிலோவுக்கு என்ன செலவு, எவ்வளவு எண்ணெய் கூடியது, புண்ணாக்கை மாடு எப்படித் தின்றது என்ற கணக்கை வெளியிடட்டும். சோதனைக்கு என் செக்கைத் தருகிறேன், பருப்பும் என்னுடையதாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு செக்குக்காரர்,
காங்கேயம் வட்டம்