அல்சூர் இசை விழாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

இராமநவமியை ஒட்டி அல்சூரில் எங்கள் சபை நடத்திய மூன்று நாள் இசை விழா முடிந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் மேடையிலேயே நன்றி கூறினோம். சமையல் கொட்டகையிலும், மைக்செட் மேசையிலும், வாயிலருகே கழிவுக் கூடைகளின் பக்கத்திலும் மூன்று நாளும் நின்றவர்களை நிறைவு நாளன்று மேடைக்கு அழைத்தபோது, வேலை கிடக்கிறது என்று சொல்லி அவர்களில் பலர் வரவில்லை. அவர்களுக்குரிய நன்றியை எழுத்தில் சொல்லும் கடமை, செயலாளர் என்ற முறையில் என்னைச் சேர்ந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், விழா முடிந்த மறுநாள் காலையில் நான் கண்ட காட்சியிலிருந்து தொடங்க வேண்டும். குப்பையை அகற்றுவதற்கென்று நாங்கள் பணம் கொடுத்து அமர்த்தியிருந்த ஒப்பந்ததாரர், எல்லாவற்றையும் ஒரே வண்டியில் கலந்து ஏற்றிப்போய், அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த காலிமனையில் கொட்டிவிட்டிருந்தார். பானகம் குடித்த பிளாஸ்டிக் குவளைகளும், தெர்மகோலில் வெட்டி மேடையில் ஒட்டிய சபையின் பெயரும், பளபளக்கும் தாள் சுற்றிய பூங்கொத்துகளும் கிடந்த அந்தக் குவியலுக்கு நடுவே, பட்டாபிஷேகப் படம் அச்சிட்ட எங்கள் அழைப்பிதழ்கள் சாம்பாரில் ஊறிக் கிடந்தன. பசுமாடு ஒன்று அதை மேய்ந்துகொண்டிருந்தது. முந்தைய இரவு மங்களம் கேட்டு நிறைந்த மனத்தோடு வீடு திரும்பியிருந்தேன். அந்த நிறைவு அங்கேயே போய்விட்டது.

நகரத்துக் குப்பை எங்கே போகிறது என்பது பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியாத செய்தி அன்று. நகருக்கு வெளியே உள்ள மாவள்ளிபுராவில் 2012இலும் மண்டூரில் 2014இலும், ஊர் மக்கள் நெடுநாள் எதிர்த்துப் போராடிய பிறகே கழிவு லாரிகள் அங்கே போவது நின்றது. 2016 மார்ச்சில் எங்கள் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது, கரையில் காலை நடைக்குப் போகும் எங்களில் பலர் வாயடைத்து நின்று பார்த்தோம். இத்தனையும் அறிந்த நாங்களே, ஆண்டுதோறும் எங்கள் விழாவின் எச்சத்தை யாரோ ஒருவருடைய வாசலில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தோம்.

ஆகவே எங்கள் முதல் நன்றி, உலர்கழிவு சேகரிப்பு மையத்தை நடத்தும் அக்காவுக்கு. கூடைகளை எங்கே வைக்கலாம், எத்தனை வைக்கலாம் என்று கேட்பதற்காகத்தான் நாங்கள் தை மாதம் அவரைத் தேடிப் போனோம். "கூடையெல்லாம் அப்புறம் பாக்கலாம் சார், மொதல்ல நீங்க என்னென்ன வாங்கப் போறீங்கன்னு லிஸ்ட் குடுங்க" என்றார். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் அவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார். காகிதக் குவளை மக்கும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அதன் உட்புறத்தில் பாலிஎத்திலீன் படலம் ஒட்டியிருப்பதால் அது ஈரக்கழிவோடும் சேராது, பழைய காகிதத்தோடும் சேராது என்று கிழித்துக் காட்டினார். சாம்பார் பட்ட காகிதத்தையும் அட்டையையும் யாரும் வாங்கமாட்டார்கள். தண்ணீர்ப் பாட்டிலுக்கு விலை உண்டு. பிஸ்கட் உறைகளைப் போன்ற பல அடுக்கு உறைகளுக்கு விலையே இல்லை. மக்கும் பிளாஸ்டிக் என்ற பெயரில் விற்கப்படும் கரண்டிகளும் தட்டுகளும், அதிக வெப்பம் தரும் தொழிற்கூட உரக்கிடங்கில் அல்லாமல் நம் வீட்டு உரத்தொட்டியில் எளிதில் மக்குவதில்லை. இருபது ஆண்டுகளாகக் கையால் தரம் பிரித்துப் பெற்ற அறிவை, எந்தக் கட்டணமும் கேளாமல் அவர் எங்களுக்குக் கொடுத்தார். எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துத் திருத்தப்பட்டது. இந்த விழாவில் நாங்கள் செய்த அனைத்தும் அந்த மாலையிலிருந்து கிளைத்தவையே என்பதைச் சபையின் சார்பில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சட்டமும் இதையே கேட்கிறது என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தோம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துகிறவர்கள், குறைந்தது மூன்று வேலைநாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, கழிவை அந்த இடத்திலேயே தரம் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எத்தனையோ விழாக்களை நடத்திய எங்களுக்கு இது தெரியாமல் இருந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சமையல் மாமாவுக்கும் அவருடன் வந்த பெண்களுக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் இல்லாமல் பெங்களூரில் இராமநவமிக் கச்சேரி ஏது? நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 பேருக்கு இவற்றைக் கொடுப்பதற்கு எவர்சில்வர் தம்ளர்கள் வேண்டும் என்று முடிவானபோது, குழுவிலேயே கடுமையான விவாதம் எழுந்தது. 2024ஆம் ஆண்டின் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிக்காக இரவெல்லாம் விழித்திருந்த நாள்களை எங்களில் யாரும் மறக்கவில்லை. தம்ளர் கழுவும் தண்ணீரும் வீண்தானே என்று சிலர் கேட்டது நியாயமான கேள்வி. மாமா குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதே இல்லை என்று உறுதி கூறினார். மூன்று அண்டாக்களை வரிசையாக வைத்து, முதல் அண்டாவில் அலசி, இரண்டாவதில் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்து, மூன்றாவதில் வெந்நீரில் முக்கி எடுத்தார்கள். முதல் அண்டாத் தண்ணீர், சோப்பு கலக்காததால், மண்டபத்துத் தென்னைகளுக்குப் போயிற்று. எண்ணெயும் மிளகாயும் படும் தட்டுகளைக் கழுவத்தான் தண்ணீர் அதிகம் செலவாகும் என்பதால், கோசம்பரியை இலைத் தொன்னையிலும், இரவுச் சிற்றுண்டியைப் பாக்குமட்டைத் தட்டிலும் கொடுக்க வேண்டும் என்று சொன்னவரும் அவரே. எதைக் கழுவலாம், எதை மக்கவிடலாம் என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்ல எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நகரத்தில் அதம்ய சேதனா போன்ற அமைப்புகள் தட்டு வங்கி நடத்தி, நிகழ்ச்சிகளுக்கு எவர்சில்வர் பாத்திரங்களைக் கடனாகத் தருவதை அறிந்திருந்தோம். இம்முறை எங்களுக்குப் பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தின் மேலாளரே 500 தம்ளர்களை வாடகையின்றிக் கொடுத்தார். முகூர்த்த நாள்கள் நெருங்கும் வேளையில் அவர் கொடுத்தது எளிய உதவி அன்று.

மேடையை அலங்கரித்தவர்களுக்கும் நன்றி. 2022 ஜூலை 1 முதல் அலங்காரத் தெர்மகோலும், 100 மைக்ரானுக்கு மெல்லிய பிவிசி பதாகைகளும் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை என்றாலும், கடையில் கேட்டால் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. அந்த எளிமைக்கு இடம் கொடுக்காமல், சிவாஜிநகரில் ஐம்பது ஆண்டுகளாகப் பெயர்ப்பலகை எழுதிவரும் பெரியவர், எட்டு முழக் காடாத் துணியில் சபையின் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிக் கொடுத்தார். ஆண்டையும் தேதியையும் எழுத வேண்டாம், அடுத்த ஆண்டும் கட்டலாம் என்று அவரே யோசனை சொன்னார். பூக்கார அம்மா நைலான் நூலை விட்டுவிட்டு வாழைநாரில் மாலை கட்டினார். கூலி கூடுதலாகக் கேட்கவில்லை. நேரம் கூடுதலாக ஆயிற்று என்பதை அவருடைய மகள் சொல்லித்தான் அறிந்தோம்.

கலைஞர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாலியஸ்டர் பொன்னாடை போர்த்துவது மரியாதையின் அடையாளமாகிவிட்டதால், அதை நிறுத்தினால் மனம் வருந்துவார்களோ என்று தயங்கினோம். முதல் நாள் பாடிய விதுஷி, தம் வீட்டில் ஒரு பீரோ நிறையப் பொன்னாடைகள் பிரிக்கப்படாமலே கிடப்பதாகச் சொல்லி எங்கள் தயக்கத்தைப் போக்கினார். கைத்தறித் துண்டும், தேங்காயும், வெற்றிலை பாக்கும் மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தோம். சென்னையிலிருந்து வந்த குழுவினர் விமானத்தைத் தவிர்த்து, 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் வந்தார்கள். கடத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்த வித்வானுக்கு எங்கள் தனி வணக்கம்.

இசை விழாக்கள் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, பார்வையாளர்கள் வந்து போகும் பயணத்தால் உண்டாவது என்று பல நாடுகளில் கணக்கெடுத்தவர்கள் கூறுகிறார்கள். கூடையும் தொன்னையும் கண்ணுக்குத் தெரிகின்றன; காரின் புகை விழாக் கணக்கில் வருவதே இல்லை. எனவே ரசிகர்களிடம் நாங்கள் கேட்ட பெரிய உதவி இதுதான். அல்சூர் மெட்ரோ நிலையம், 2011 அக்டோபரில் நகரத்தின் முதல் மெட்ரோ ஓடிய தடத்திலேயே இருக்கிறது; 2023 அக்டோபரிலிருந்து அதே ஊதா வழித்தடம் ஒயிட்ஃபீல்டிலிருந்து செல்லகட்டா வரை நீள்கிறது. கச்சேரியை மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்தால் எல்லாரும் பதற்றமின்றி ரயிலேறலாம் என்று கணக்கிட்டோம். தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனியாவர்த்தனத்தைச் சுருக்காமல், கச்சேரியின் இறுதியில் பாடும் சிறு பாடல்களான துக்கடாக்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்த கலைஞர்களுக்கும், அலுவலகத்தில் முன்கூட்டியே விடைபெற்று வந்த ரசிகர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஒயிட்ஃபீல்டிலிருந்து மூன்று நாளும் மெட்ரோவில் வந்த, எழுபது வயதைக் கடந்த தம்பதியரை வாயிலில் கண்டபோதெல்லாம் கைகூப்பத் தோன்றியது.

மைக்செட் அண்ணனுக்கு நன்றி சொல்லும்போது இரண்டாம் நாள் மழையையும் சொல்ல வேண்டும். மின்வழங்கல் நிறுவனமான பெஸ்காமில் தற்காலிக இணைப்பு வாங்கி, 1000 வாட் பழைய மேடை விளக்குகளுக்குப் பதிலாக எல்இடி விளக்குகளைப் பொருத்தி, தேவையான மின்சாரத்தைக் கணக்கிட்டு, வழக்கமான பெரிய டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாகச் சிறியதொன்றைக் காத்திருப்பில் வைத்திருந்தார். பெரிய ஜெனரேட்டரைக் குறைந்த சுமையில் ஓட்டினால் டீசலும் வீண், புகையும் அதிகம் என்பது அவர் அனுபவம். அன்று மாம்பழ மழை கொட்டித் தீர்த்து மின்சாரம் நின்றபோது, ஜெனரேட்டர் ஒன்றரை மணி நேரம் ஓடியது. அதே மழையில் தம்ளர் கழுவும் இடம் சேறாகிவிட்டதால், 100 காகிதக் குவளைகளை அவசரமாகக் கடையில் வாங்கினோம். அந்த 100 குவளைகள் எங்கள் மனத்தில் உறுத்தலாகவே இருக்கின்றன. அடுத்த முறை கழுவும் இடத்திற்கும் கூரை போடுவோம்.

கூடைகளின் பக்கத்தில் நின்ற பிள்ளைகளே, உங்களுக்கு என்ன சொல்வது? ஆள் நிற்காத கூடை ஐந்தே நிமிடத்தில் கலந்துவிடும் என்று அக்கா எச்சரித்திருந்தார். பச்சைத் தொட்டியில் ஈரக்கழிவு, பையில் உலர்கழிவு, சிவப்புத் தொட்டியில் மற்றவை என்று, கச்சேரி கேட்க முடியாத அந்த மூலையில் நின்று, ஒவ்வொருவரிடமும் தமிழிலும் கன்னடத்திலும் இன்முகத்தோடு சொன்னீர்கள். மூன்று நாள் முடிவில் சிவப்புத் தொட்டிகளில் ஒன்றே ஒன்றுதான் நிறைந்திருந்தது. அடுத்த ஆண்டு முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு கச்சேரியாவது முழுவதும் கேட்கும்படி செய்வது எங்கள் பொறுப்பு.

200 மில்லி தண்ணீர்ப் பாட்டில்களை அனுப்ப முன்வந்து, எங்கள் வேண்டுகோளை ஏற்று அதற்கு ஈடாக 20 லிட்டர் கேன்களையும் மண்பானைகளையும் அனுப்பிய புரவலருக்கும், நாள்தோறும் விடியற்காலையில் வந்து நாங்கள் பிரித்து வைத்தவற்றை எடுத்துச்சென்ற பவுரகார்மிக (நகரத் துப்புரவுப் பணி) சகோதரிகளுக்கும் எங்கள் வணக்கம். தரம் பிரித்த கழிவைத் தொட்டுப் பார்த்து, "இவத்து கை நாறல்ல" என்று அவர்களில் ஒருவர் கன்னடத்தில் சொன்னார்: இன்று கை நாறாது என்று பொருள். எங்கள் விழாவுக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் முதலில் வைக்கிறேன்.

இறுதியாக இரண்டு செய்திகள். கல்யாண மண்டபத்துத் தம்ளர்களில் பதினொன்று இன்னும் திரும்பவில்லை. மோரோடு வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்கள் சபை அலுவலகத்தில் கொடுத்துவிடுமாறு வேண்டுகிறேன். தொன்னைகளும் பாக்குமட்டைகளும் காய்கறித் தோலும் பூங்கா ஓரத்து உரத்தொட்டியில், காய்ந்த சருகோடு மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனி மாதம் உரம் தயாராகிவிடும் என்று தோட்டக்காரர் சொல்கிறார். செடி வளர்ப்பவர்கள் பை கொண்டுவந்து வாங்கிப் போகலாம்.

நன்றியுடன்,
செயலாளர், விழாக் குழு
அல்சூர், பெங்களூரு