‘அந்த ஊரில் எந்தத் தெரு?’

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தில் சமூகவியலுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருந்தது. குடிமைப் பணித் தேர்வுக்கு உதவுமாம். பொய்யில்லை, அங்கே அது ஒரு விருப்பப் பாடம். ஆனால் அந்தத் தேர்வுப் பக்கமே போகாதவர்களும் மூன்று ஆண்டுகள் இதைப் படிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நான்.

விரும்பிச் சேரவில்லை. பி.காம். கேட்டேன், என் முறை வந்தபோது மிச்சமிருந்தது பி.ஏ. சமூகவியல். வீட்டில் அதைச் சமூக சேவை என்றே நினைத்துக்கொண்டார்கள். மகள் சமூக அறிவியல் டீச்சர் ஆகிவிடுவாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்தார். எங்கள் பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் பி.எட். சேர முதுகலையும் முடித்திருக்க வேண்டும் என்பது பட்டம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

முதல் இரண்டு ஆண்டுகள் வெறும் நோட்ஸ். சமூகவியலின் முன்னோடிகளான காம்ட், துர்கைம், வெபர், ஆளுக்கு ஐந்து பக்கம். மூன்றாம் ஆண்டில் ஓர் ஆசிரியை துணிந்து எங்களைப் பக்கத்துக் கிராமத்துக்கு அனுப்பினார். தலைக்கு இருபது வீடு. யார் எதுவரை படித்திருக்கிறார்கள், நிலம் சொந்தமா குத்தகையா, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவர வேண்டும்.

முதல் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி. நான் தாளை எடுப்பதற்குள் அவர் என்னை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். எந்த ஊர் கண்ணு? யார் வீட்டுப் பெண்? அந்த ஊரில் எந்தத் தெரு? தெருவைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே திரும்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எந்தத் தம்ளரில் என்பதையும் சேர்த்தே சொன்னார். சாதி என்ற சொல் அவர் வாயில் ஒருமுறைகூட வரவில்லை. சமூக அடுக்கமைவு, அதாவது சமூகத்தில் யார் மேல் யார் கீழ் என்ற வரிசை பற்றி அதற்கு முந்தைய பருவத்தில் பத்து மதிப்பெண் விடை எழுதியிருந்தேன். அதில் தம்ளர் இல்லை.

சமூகவியல் அறிஞர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் எங்கள் தஞ்சைப் பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். எழுதும்போது ஊருக்கு ஸ்ரீபுரம் என்று வேறு பெயர் வைத்தார். அக்ரகாரத்தில் தங்கியதால் தம்மைப் பிராமணராகவே நடத்தினார்கள் என்றும், அதனாலேயே மற்றத் தெருக்களில் பழகுவது தமக்குக் கடினமானது என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவரிடமும் தெருவைத்தான் பார்த்திருக்கிறார்கள்! இதை நான் படித்தது முதுகலையில். இளங்கலையில் யாரும் இப்படி ஓர் ஆய்வு உண்டு என்றுகூடச் சொல்லவில்லை.

மாணவர்களை ஊருக்குள் அனுப்புவது புதிய யோசனையும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தனுப்பினார். இந்தியாவில் சமூகவியலுக்கு முன்னோடியான பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறை தொடங்குவதற்கும் முன்னால் நடந்தது இது. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு முதலிய ஊர்களைப் பற்றி அவர்கள் திரட்டிய விவரங்கள் 1918-இல் நூலாயின. 1930-களில் அதே ஊர்களுக்கு மறுபடி போய்ப் பார்த்தார்கள். பிறகும் போயிருக்கிறார்கள்.

இப்போது சமூகவியல் துறை உள்ள ஒவ்வொரு கல்லூரியும் தன்னைச் சுற்றியுள்ள ஐந்து ஊர்களை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பருவம் முழுக்கக் களப்பணி, தமிழிலேயே அறிக்கை, அதை நூலகத்தில் பாதுகாக்க ஓர் அலமாரி. பெரிய செலவில்லை. வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் கேட்கப்போவதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்கவும், திருப்பிக் கேட்டால் தடுமாறாமல் இருக்கவும் பழகிய பிள்ளைகள் நமக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அலமாரி கேட்பதற்குக் காரணம் உண்டு. நாங்கள் எழுதிய தாள்கள் மதிப்பெண் போட்ட கையோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. சென்ற மாதம் அந்தப் பாட்டியின் தெரு வழியாக பஸ்ஸில் போனேன். திண்ணை வைத்த வீடு ஒன்றுகூட மிச்சமில்லை.

– வாசகி, மன்னார்குடி