கணிதத்துக்கும் ஒரு தட்டு ஒதுக்குங்கள்

சேலம் மாவட்டத்து நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு,

வணக்கம். அம்மாப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். முடித்ததும் பாடப்புத்தகம் போய்விட்டது, கணிதத்தின் மேல் இருந்த ஆசை போகவில்லை. சும்மா படித்து ரசிப்பதற்கென்றே எழுதப்பட்ட கணிதப் புத்தகங்கள்தான் அதைக் காப்பாற்றின. அவற்றை நம் கிளை நூலகங்களுக்கும் வாங்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

போட்டித் தேர்வுக் கையேடுகள் அவசியம் வேண்டும். அவற்றைப் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் கையேட்டில் விடை கிடைத்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நான் கேட்கும் புத்தகங்கள் ஒரே கேள்வியோடு நாள்கணக்கில் உட்கார வைக்கும்.

ஓர் உதாரணம். ஒரே மாதிரியான ஐங்கோண ஓடுகளைத் தரையில் இடைவெளி இல்லாமல் பதிக்க முடியுமா? பக்கமும் கோணமும் சமமான ஐங்கோணத்தால் முடியாது. அதன் ஒரு மூலை 108 பாகை. மூன்று சேர்ந்தால் 324, நான்காவதற்கு இடம் போதாது. பக்கங்களையும் கோணங்களையும் மாற்றினால் முடியும். அப்படி எத்தனை வகை? 1975-இல் கணிதப் புதிர்களை எழுதிவந்த மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' என்ற அறிவியல் இதழில் இதைப் பற்றி எழுதினார். மகனுக்கு வந்த அந்த இதழைப் படித்தார் மார்ஜரி ரைஸ் என்ற இல்லத்தரசி. பள்ளிக் கணிதம் மட்டும் தெரிந்தவர். தனக்கென ஒரு குறியீட்டு முறையை உருவாக்கி, சமையலறை மேடையில் வரைந்து பார்த்தார்; யாராவது வந்தால் மூடி வைத்துவிடுவாராம். யாருக்கும் தெரியாதிருந்த நான்கு வகைகளைக் கண்டுபிடித்தார்! குவி ஐங்கோணங்களில், அதாவது எந்த மூலையும் உள்பக்கமாக மடங்காதவற்றில், மொத்தமே 15 வகைதான் என்று 2017-இல் பிரெஞ்சு ஆய்வாளர் மிக்கேல் ராவ் கணினி உதவியோடு நிறுவினார்.

ரைஸுக்கு அந்த இதழ் வீடு தேடி வந்தது. ஏற்காட்டில் காபித் தோட்டக் குடும்பத்துப் பெண்ணுக்கு நூலகம் வழியாகத்தானே வர முடியும்?

இதை உங்களிடம் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் வரப் பாடுபட்டவரும் அவரே. சொத்து வரியோடு நாங்கள் கட்டும் நூலக வரி அந்தச் சட்டத்தின் வழி வந்தது.

தமிழில் உள்ளவற்றை முதலில் வாங்குங்கள், அப்புறம் ஆங்கிலம். எதை வாங்கலாம் என்று அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர்களைக் கேளுங்கள். முக்கியமாக, இரவல் தரும் பிரிவில் வையுங்கள். பென்சிலும் தாளுமாக, வீட்டில் நேரம் எடுத்துப் படிக்க வேண்டியவை இவை.

அன்புடன்,
அம்மாப்பேட்டை வாசகர் ஒருவர்