தெரியாத சாலையைத் தெரியாத சாலையாகவே காட்டுங்கள்

சைக்கிள் ஓட்டிகளுக்கான வழிச் செயலிகளை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

பழக்கமில்லாத பகுதிக்குள் 150, 200 கிலோமீட்டர் சைக்கிளில் போவதென்றால் இன்று பெரும்பாலோர் முதலில் திறப்பது உங்கள் செயலியைத்தான். புறப்படும் இடத்தில் ஒரு தட்டு, போய்ச் சேரும் இடத்தில் ஒரு தட்டு. சில நொடிகளில் நீலக்கோடு வந்து விழுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு லேசுப்பட்டதல்ல. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட குறும்பாதைக் கணக்கின் மேல் எத்தனையோ அடுக்குகளைக் கட்டி, நெடுஞ்சாலையை ஒதுக்கு, ஏற்றத்தைக் குறை, தார்ச்சாலையைத் தேர்ந்தெடு என்று எங்கள் விருப்பங்களையெல்லாம் அதற்குள் நுழைத்திருக்கிறீர்கள். தினமும் அதைப் பயன்படுத்துகிற ஆள் என்ற உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் குறை இதுதான்: அந்தக் கோடு தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே நிறம், ஒரே தடிப்பு. 180 கிலோமீட்டர் வழியில் 140 உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சாலையாக இருக்கலாம். மிச்சம் 40 வெறும் ஊகம். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஊகம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். உங்களில் பலர் பயன்படுத்துவது 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்தது. ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் அது எந்த வகைச் சாலை என்ற குறிப்பு இருக்கும். அது தாரா, கான்கிரீட்டா, ஜல்லியா, மண்ணா என்ற குறிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆள் நடமாட்டமும் வரைபட ஆர்வலர்களும் அதிகம் உள்ள நகரங்களில் அது பெரும்பாலும் இருக்கும். நாங்கள் போக விரும்புவதோ அப்படிப்பட்ட ஆர்வலர்கள் குறைவாக இருக்கும் இடங்களுக்கு. குறிப்பு இல்லாத இடத்தில் உங்கள் நிரல் சாலையின் வகையைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறது: இது ஊர்களை இணைக்கும் சாலை, ஆகவே தார் போட்டிருப்பார்கள். பல நேரம் சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத இடத்தில் 28 மில்லிமீட்டர் மெல்லிய டயரோடு நிற்பது நீங்கள் இல்லை.

உங்களில் சிலர் வழியின் கீழே ஒரு பட்டை போட்டு, இத்தனை கிலோமீட்டர் தார், இத்தனை மண், இத்தனை தெரியாது என்று காட்டுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அதே நேர்மை மேலே வரைபடத்துக் கோட்டிலும் தெரிய வேண்டாமா? சாலையில் எங்களை வழிநடத்துவது அந்தக் கோடு. வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கி, கைப்பிடியில் மாட்டிய கருவியில் ஏற்றியதும் கீழே இருந்த பட்டையும் போய்விடுகிறது. கருவிக்குள் போவது அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று வெறும் புள்ளிகளின் வரிசை.

ஒரு துண்டை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். ஒரு வழியின் 118-வது கிலோமீட்டரில் இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே 11 கிலோமீட்டர் இணைப்புச் சாலை. செயலி அதைத் தேர்ந்தெடுத்த காரணம் எளிது: பிரதான சாலையைவிட 8 கிலோமீட்டர் குறைவு, லாரிப் போக்குவரத்தும் இருக்காது. நீலக்கோடு தயக்கமே இல்லாமல் அதன் வழியே ஓடுகிறது. செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பெரிதாக்கினால் முதல் 4 கிலோமீட்டர் கரும்சாம்பல் நிறம், இரு ஓரமும் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்கின்றன. தார்தான். அப்புறம் நிறம் மெல்ல மெல்லப் பக்கத்து வயலின் பழுப்புக்கு மாறுகிறது. ஓரங்கள் கலைகின்றன. நடுவில் புல் வளர்ந்து இரண்டு சக்கரத் தடங்கள் மட்டும் தெரிகின்றன. வரைபடத்தில் சாலை என்று இருந்தாலும் இது வண்டிப்பாதை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு ஓடை. பாலத்தின் நிழல் இல்லை, தரைப்பாலத்தின் வெளுத்த கான்கிரீட்டும் இல்லை. மணலில் இறங்கி மணலில் ஏறும் தடம். படம் எடுத்தது கோடையில் என்பது சுற்றியிருக்கும் காய்ந்த செடிகளிலிருந்தே தெரிகிறது. மழைக்காலத்தில் அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை எந்தப் படமும் சொல்லாது.

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் ஒன்று உண்டு. அந்த ஓடை உங்கள் தரவிலேயே இருக்கிறது! சாலைக்கோடும் நீர்க்கோடும் ஒன்றையொன்று வெட்டுகின்றன; வெட்டும் இடத்தில் பாலம் என்றோ, குழாய்ப்பாலம் என்றோ, இறங்கிக் கடக்கும் இடம் என்றோ எந்தக் குறிப்பும் இல்லை. வரைபடத் தன்னார்வலர்களின் தரச்சோதனைக் கருவிகள் இதே நிலைமையைக் கண்டுபிடித்து எச்சரிக்கை காட்டுகின்றன. அவர்கள் திரையில் எச்சரிக்கையாகத் தெரிவது எங்கள் திரையில் நிம்மதியான நீலமாகத் தெரிகிறது. அந்த இடத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி வைத்தால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

உயரக் கணக்கிலும் இதே கதைதான். பல செயலிகளின் உயரத் தரவுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பயணத்தில் ராடார் கொண்டு எடுத்த அளவீடு. அருமையான அளவீடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்ந்த காட்டில் அது பார்ப்பது தரையை அல்ல, பெரும்பாலும் மரங்களின் தலையை. செங்குத்தான மலைச்சரிவை வெட்டி அமைத்த சாலை நிஜத்தில் சீராக ஏறும். கோடு பத்து மீட்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்தால் கணக்கில் அது ஏறி இறங்கி ஏறுகிறது. சுரங்கச் சாலை வந்தால் இன்னும் வேடிக்கை. மலைக்குள்ளே சமமாகப் போகிற சாலைக்கு, மலையின் முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கியதாக உயரம் சேர்க்கிறார்கள். ஒரே வழியை இரண்டு செயலிகளில் போட்டுப் பார்த்தால் மொத்த ஏற்றம் பல நூறு மீட்டர் வேறுபடுவது இதனால்தான். அப்படியிருக்க, 2,347 மீட்டர் என்று கடைசி மீட்டர்வரை எண்ணைக் காட்டுவதில் என்ன பொருள்? 2,100 முதல் 2,600 வரை என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

சராசரிச் சரிவும் அப்படியே. 5 கிலோமீட்டருக்குச் சராசரி 5 சதவீதம் என்றால் மொத்தம் 250 மீட்டர் ஏற்றம். நடுவில் 2 கிலோமீட்டர் சமதளமாக இருந்தால் அந்த 250 மீட்டரும் மிச்சம் 3 கிலோமீட்டருக்குள் ஏறியாக வேண்டும். அது 8 சதவீதத்துக்கு மேல். எந்தக் கியர் பல்சக்கரத்தோடு கிளம்புவது என்று முடிவு செய்கிறவருக்குத் தேவை இரண்டாவது எண். பை, கூடாரம் எல்லாம் கட்டிக்கொண்டு போகிறவருக்கு இன்னும் அதிகமாகத் தேவை.

ஓட்ட நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரெவே என்று சொல்லும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூர ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 600-க்கு 40 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அதற்குள்தான். நீங்கள் காட்டுவது சக்கரம் சுழலும் நேரம் மட்டுமா, நின்ற நேரமும் சேர்த்தா என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பயனர்கள் அதிகம் ஓட்டிய வழிகளை ஒளிரும் கோடுகளாகக் காட்டும் ஹீட்மேப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். தரவு இல்லாத இடத்தில் மக்கள் எங்கே ஓட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து வழி போடுவது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆட்கள் நிறைய ஓட்டும் பகுதியில் அது புத்திசாலித்தனமும்கூட. ஆனால் ஓட்டங்களைப் பதிவு செய்யும் செயலியான ஸ்ட்ராவா 2017 நவம்பரில் வெளியிட்ட உலக ஹீட்மேப்புக்கு என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். 2018 ஜனவரியில், இருண்ட பாலைவனங்களின் நடுவே பளிச்சென்று தெரிந்த கோடுகள் ராணுவ முகாம்கள் என்று கண்டுபிடித்தார்கள். ராணுவ ரகசியம் வெளியானதுதான் அன்று செய்தி. எனக்கு அதில் வேறொன்று படுகிறது: யாருமே இல்லாத இடத்தில் ஒரு சிலர் திரும்பத் திரும்ப ஓடினாலே வரைபடம் ஒளிர்ந்துவிடுகிறது. நாங்கள் போகும் பகுதியும் அப்படிப்பட்டதே. அங்கே ஒளிரும் கோடு தடித்த டயர் மலைச் சைக்கிள்காரர்கள் நான்கு பேருடையதாக இருக்கலாம். இல்லையென்றால், வேறு வழியே இல்லாததால் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு போகும் லாரிச் சாலையாக இருக்கலாம். இருண்டு கிடக்கும் சாலை உடைந்த பாலத்தில் முடியலாம், யாரும் கண்டுகொள்ளாத அருமையான சாலையாகவும் இருக்கலாம். எத்தனை பேர், எந்த வகைச் சைக்கிளில், எந்த மாதத்தில் போனார்கள் என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த ஒளிக்குப் பயன் உண்டு.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. யாரோ ஒருவர் மேற்பரப்பைப் பதிவு செய்திருக்கும் இடத்தில் கோடு முழுதாக இருக்கட்டும். சாலை வகையை வைத்து நீங்கள் ஊகித்த இடத்தில் விட்டுவிட்டு வரும் கோடாக மாறட்டும். அந்த வேறுபாடு இறக்கும் கோப்பிலும் வரட்டும். குறைந்தபட்சம் ஊகம் தொடங்கும் இடத்தில் ஒரு குறிப்புப் புள்ளியாவது சேர்க்கலாம், கருவி அங்கே ஒரு சத்தம் கொடுக்கும். மேற்பரப்பைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியைத் தனியாகக் குறிக்கும் வழக்கம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உண்டு. அது இருக்கும் இடத்தில் அதையும் காட்டுங்கள். ஒன்பது ஆண்டுக்கு முன் தார் என்று எழுதியதும் போன மாதம் எழுதியதும் ஒன்றல்ல.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது சுற்றுவழி. மேலே சொன்ன 11 கிலோமீட்டருக்கு மாற்றாக 19 கிலோமீட்டர் தார்ச்சாலை இருக்கிறது என்பது உங்கள் கணக்குக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் ஒன்றைத் தள்ளியது. அந்த ஒப்பீட்டை எங்களிடம் காட்டாமல் முடிவை மட்டும் தருகிறீர்கள். “இந்தத் துண்டு உறுதியில்லை, 8 கிலோமீட்டர் கூடுதலாகப் போனால் உறுதியான சாலை உண்டு, பிரியும் இடம் இது” என்று ஒரு வரி வந்தால் போதும். காலை வேளையில், வெயில் ஏறாத நேரத்தில் நான் துணிந்து குறுக்கே போவேன். இருட்டும் நேரத்தில், தண்ணீர்ப் புட்டி காலியாகும் நேரத்தில், 8 கிலோமீட்டரைச் சந்தோஷமாகச் சுற்றுவேன். அதை முடிவு செய்யத் தேவையான காற்றும் கால் வலியும் உங்கள் சர்வருக்குத் தெரியாது.

விட்டுவிட்டு வரும் கோட்டைப் பார்த்தால் பயனர்கள் பயந்துவிடுவார்கள், வேறு செயலிக்குப் போய்விடுவார்கள் என்று உங்கள் கூட்டங்களில் யாராவது சொல்லக்கூடும். ஊருக்குள் அரை மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அதைக் காட்ட வேண்டாம். சரி, அமைப்புகளில் ஒரு பொத்தானாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நெடுந்தூரம் போகிறவர்கள் தேடிப்போய் அதை அழுத்திக்கொள்வோம். இப்போதே ஒவ்வொரு வழியையும் இரண்டு மூன்று திரைகளில் திறந்து, துண்டு துண்டாகப் பெரிதாக்கிப் பார்த்து, சந்தேகமான இடங்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டுதான் கிளம்புகிறோம்.

ஊகத்தைக் குறைக்கும் வேலையில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் உங்கள் வழியில் ஓட்டி முடித்ததும் அவர் எந்த ஊகத் துண்டுகளைக் கடந்தார் என்பது உங்களிடம் இருக்கிறது. அதில் இரண்டை மட்டும் எடுத்து, வரைபடத்தில் காட்டி, தாரா மண்ணா என்று கேளுங்கள். ஒரு தட்டில் பதில் சொல்லிவிடலாம். அந்தப் பதிலை உங்கள் சர்வருக்குள் பூட்டி வைக்காமல், நீங்கள் தரவை எடுத்த பொது வரைபடத்துக்கே திருப்பி அனுப்புங்கள். ஒன்று மட்டும்: 200 கிலோமீட்டர் முடித்து வந்த ராத்திரியில் கேட்காதீர்கள், மறுநாள் காலையில் கேளுங்கள்.

அன்புடன்,
நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் உங்கள் பயனர்களில் ஒருவர்